கருந்துளையின் என்ட்ரோபியும் மறைந்துள்ள பரிமாணங்களும்

ஒரு நாட்டின் தேசிய வருமானத்தை மூன்று வழிகளில் கணக்கிடலாம் என்பது பொருளியல் மாணவர்கள் அறிந்ததே. உற்பத்தியின் மதிப்பைக் கூட்டலாம்; ஊதியம், வாடகை, வட்டி, இலாபம் என மக்கள் ஈட்டியதைக் கூட்டலாம்; நுகர்வுக்கும் முதலீட்டுக்கும் செலவானதைக் கூட்டலாம். கொள்கையளவில் மூன்று வழிகளும் ஒரே தொகையைத் தர வேண்டும். நடைமுறையில் அவை முற்றிலும் பொருந்துவதில்லை. ஆகவேதான் நமது தேசியக் கணக்குகளில் ‘வேறுபாடு’ என்று ஒரு தனி வரியே இடம்பெறுகிறது. ஒன்றையொன்று சாராத இரு கணக்குகள் ஒத்து வருமானால், அவற்றின் மீது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இயற்பியலில் இத்தகைய சரிபார்ப்பு ஒன்று 1996-ம் ஆண்டில் நிகழ்ந்தது. ஒரு வகைக் கருந்துளையின் என்ட்ரோபியை வெளியிலிருந்து அளந்து பெற்ற தொகையும், உள்ளிருந்து எண்ணிப் பெற்ற தொகையும் வேறுபாடு ஏதுமின்றிப் பொருந்தின. உள்ளிருந்து எண்ணுவதற்கு, நம் புலன்களுக்கு எட்டாத பரிமாணங்கள் தேவைப்பட்டன. இழைக் கோட்பாடு என்று வழங்கும் இக்கோட்பாட்டை நேரடிச் சோதனையால் மெய்ப்பிக்க இயலவில்லை. ஆயினும் உலகெங்கும் பொதுப் பணத்தைக் கொண்டு இந்த ஆராய்ச்சி நடைபெறுகிறது. சோதனை இல்லாத இடத்தில் ஒரு கோட்பாட்டை எதைக் கொண்டு மதிப்பிடுவது? இக்கேள்வி அறிவியலாளருக்கு மட்டும் உரியதன்று. மேற்கூறிய கணக்கு எவ்வாறு போடப்பட்டது, அது எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருந்துளை என்பது யாது?

ஒரு விண்மீன் தன் எரிபொருளை இழந்தபின் தன் எடையாலேயே சுருங்குகிறது. இச்சுருக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை ஆராய்ந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-ம் ஆண்டில் தம் 19-வது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவர், குளிர்ந்து சுருங்கிய விண்மீன் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறை உடையதாயின் அது வெண் குறுமீனாக நிலைத்திருக்க இயலாது என்று காட்டினார். இந்த ஆய்வுக்காகவும் விண்மீன்களின் கட்டமைப்பு பற்றிய ஏனைய ஆய்வுகளுக்காகவும் 1983-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. மேலும் மேலும் நிறை கூடிய விண்மீன்களின் முடிவே கருந்துளை.

கருந்துளையைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்து உட்சென்ற எதுவும், ஒளியும்கூட, திரும்பி வர இயலாது. இதற்கு நிகழ்வு எல்லை என்று பெயர். சூரியனைக் கருந்துளையாக்க வேண்டுமாயின், அதனைச் சுமார் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குள் அடக்க வேண்டும். பூமியையானால் சுமார் 9 மில்லிமீட்டர் ஆரத்துக்குள். நீண்ட காலம் கணிதக் கற்பனையாகக் கருதப்பட்ட இப்பொருள்கள் இன்று மெய்யானவை. 2015-ம் ஆண்டு செப்டம்பரில் இரு கருந்துளைகள் மோதி எழுப்பிய ஈர்ப்பு அலைகள் முதன்முறையாகப் பதிவாயின. எம்-87 விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளையின் நிழற்படம் 2019-ம் ஆண்டிலும், நமது பால்வழி மண்டலத்தின் மையக் கருந்துளையின் நிழற்படம் 2022-ம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன.

என்ட்ரோபி என்னும் எண்ணிக்கை

என்ட்ரோபி என்ற சொல்லை 1865-ம் ஆண்டில் வழங்கியவர் ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ். அதன் உட்பொருளை விளக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த போல்ட்ஸ்மான். இதனை ‘ஒழுங்கின்மை’ என்று சொல்வது வழக்கமெனினும், எண்ணிக்கை என்று கொள்வதே தெளிவு தரும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு 4 லட்சம் ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதனை முழு லட்சங்களாகவே பணிகளுக்குப் பிரிக்க வேண்டும் எனக் கொள்வோம். பணிகளின் பெயர்களை விட்டுத் தொகைகளை மட்டும் பார்த்தால், 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகைகளில் பிரிக்கலாம். ஒதுக்கீடு 10 லட்சமானால் 42 வகைகள். 100 லட்சமானால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வகைகள். தலைமை அலுவலகத்தில் உள்ளவர் மொத்தத் தொகையை மட்டுமே அறிவார். உள்ளே எந்தப் பிரிவினை நடைமுறையில் உள்ளது என்பதை அறியார்.

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றாகவே தோன்றும் ஒரு நிலைக்குள் அடங்கியுள்ள இத்தகைய உள்நிலைகளை நுண்ணிலைகள் என்கிறோம். அவற்றின் எண்ணிக்கைக்கு மடக்கை காண்பதே என்ட்ரோபி. 19 கோடிக்கு இயல் மடக்கை 19 அளவே ஆகும். கட்டுக்கடங்காத எண்களைக் கையாளத்தக்கவை ஆக்குவதே மடக்கையின் பயன். அடைபட்ட அமைப்பின் என்ட்ரோபி குறைவதில்லை என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. 1971-ம் ஆண்டில் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் இவ்விதியைப் பொருளியலுக்கும் கொண்டுவந்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பரப்பளவில் எழுதப்பட்ட கணக்கு

இரண்டாம் விதிக்குக் கருந்துளை ஓர் இடர்ப்பாட்டை விளைவித்தது. என்ட்ரோபி நிறைந்த சூடான தேநீரைக் கருந்துளையில் கொட்டினால், அந்த என்ட்ரோபி உலகக் கணக்கிலிருந்து மறைந்துவிடுமா என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வீலர் தம் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் வினவினார். வரவு எழுதப்படாத செலவு போன்றது இது. மறைந்த என்ட்ரோபி கருந்துளையின் பெயரில் வரவாக எழுதப்பட வேண்டும் என்றும், அவ்வரவு நிகழ்வு எல்லையின் பரப்பளவாகத் தோன்றுகிறது என்றும் பெக்கன்ஸ்டைன் விடை கண்டார். நிகழ்வு எல்லைகளின் மொத்தப் பரப்பளவு குறைவதில்லை என்று 1971-ம் ஆண்டில் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டியிருந்தது இதற்குத் துணையாயிற்று.

ஹாக்கிங் முதலில் இதனை ஏற்கவில்லை. என்ட்ரோபி உடைய பொருளுக்கு வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு இருக்க வேண்டும். கருந்துளையிலிருந்தோ எதுவும் வெளிவராதே என்பது தடையாக இருந்தது. ஆனால் 1974-ம் ஆண்டில், குவாண்டம் இயக்கவியலைக் கருத்திற்கொண்டால் கருந்துளையும் மிக மெலிதாகக் கதிர்வீசும் என்று அவரே நிறுவினார். அதன் பயனாகப் பரப்பளவுக்கும் என்ட்ரோபிக்கும் உள்ள விகிதம் திட்டவட்டமாகக் கிடைத்தது. இயற்கையின் மிகச் சிறிய நீள அலகான பிளாங்க் நீளத்தைக் கொண்டு பரப்பளவை அளந்து, அதனை 4-ஆல் வகுத்தால் வருவதே கருந்துளையின் என்ட்ரோபி. ஒரு மீட்டரை 10-ஆல் 35 முறை வகுத்தால் பிளாங்க் நீளத்தின் அளவை ஏறத்தாழ உணரலாம்.

சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லைப் பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதன் என்ட்ரோபி 1-ஐத் தொடர்ந்து 77 சுழிகள் இட்ட எண்ணுக்கு நெருங்கியது. நுண்ணிலைகளின் எண்ணிக்கை இதுவன்று. அவ்வெண்ணிக்கையின் மடக்கையே இவ்வளவு என்பதை மறத்தலாகாது. இன்றைய சூரியனின் என்ட்ரோபியை விட இது பல கோடி கோடி மடங்கு பெரியது.

இதில் இரு செய்திகள் வியப்புக்குரியவை. முதலாவது, ஒரு பொருளின் என்ட்ரோபி பொதுவாக அதன் கன அளவோடு வளரும். கருந்துளையிலோ பரப்பளவோடு வளர்கிறது. இரண்டாவது, என்ட்ரோபி என்பது எண்ணிக்கை எனில், எண்ணப்படுபவை எவை? ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி கருந்துளையை விவரிக்க நிறை, மின்னூட்டம், சுழற்சி ஆகிய மூன்றே போதும். மொத்தத் தொகை தெரிகிறது. பேரேட்டின் உட்பதிவுகள் காணப்படவில்லை. சுமார் 20 ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது.

பரப்பளவு குறைவதில்லை என்ற விதிக்கு வானத்திலிருந்தே சான்று கிட்டியுள்ளது. 2025-ம் ஆண்டு ஜனவரி 14 அன்று பதிவான ஈர்ப்பு அலையை ஆராய்ந்ததில், மோதலுக்கு முன் இரு கருந்துளைகளின் மொத்தப் பரப்பு சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் சதுர கிலோமீட்டராகவும், இணைந்தபின் சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டராகவும் இருந்தமை தெரியவந்தது.

சுருண்ட பரிமாணங்கள்

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றுடன் காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணங்களில் நாம் வாழ்கிறோம். இவற்றுக்கு மேலும் ஒன்று இருக்கலாம் என்ற கருத்தை ஜெர்மானியக் கணித அறிஞர் தியோடர் கலூசா 1921-ம் ஆண்டில் வெளியிட்டார். அது நமக்குப் புலப்படாமைக்குக் காரணம், அது மிகச் சிறிய வளையமாகச் சுருண்டிருப்பதே என்று சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் கிளைன் 1926-ம் ஆண்டில் விளக்கினார். கோரைப் பாயை விரித்தால் அதற்கு நீளமும் அகலமும் உண்டு. அதனையே இறுகச் சுருட்டி வயலின் அக்கரையில் நிறுத்தினால், நம் கண்ணுக்கு ஒரு கோல் போலவே தெரியும். அகலம் அழிந்துவிடவில்லை, சுருண்டுவிட்டது. பாயின் மேல் ஊரும் எறும்புக்கு மட்டுமே அது தெரியும்.

இழைக் கோட்பாட்டில் இக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. இயற்கையின் அடிப்படைப் பொருள் புள்ளி போன்ற துகள் அன்று, அதிரும் நுண்ணிழை என்பது இக்கோட்பாட்டின் சாரம். வீணையின் ஒரே தந்தி பல சுரங்களைத் தருவது போல, இழையின் வெவ்வேறு அதிர்வுகளே வெவ்வேறு துகள்களாக நமக்குத் தோன்றுகின்றன. அவற்றுள் ஓர் அதிர்வு ஈர்ப்பு விசைக்குரியது என்று 1974-ம் ஆண்டில் உணரப்பட்டது. இக்கோட்பாடு முரணின்றி அமைய, காலம் உட்படப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். எனவே ஆறு பரிமாணங்கள் சுருண்டு மறைந்திருக்க வேண்டும். 1984-ம் ஆண்டில் மைக்கேல் கிரீன், ஜான் ஷ்வார்ஸ் இருவரும் இக்கோட்பாட்டின் முக்கியமான முரண்பாடொன்று தானாகவே நீங்குவதைக் காட்டியபின், உலகெங்கும் இத்துறை விரைந்து வளர்ந்தது.

உள்ளிருந்து எண்ணுதல்

கருந்துளையின் நுண்ணிலைகள் இழையின் அதிர்வுகளாகவே இருக்கலாமோ என்ற எண்ணத்துக்குக் கணித வடிவம் தந்தோருள் முதன்மையானவர் அசோக் சென். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தபோது, 1995-ம் ஆண்டில் ஒரு தனிவகைக் கருந்துளையை எடுத்துக்கொண்டு, இழையின் அதிர்வு நிலைகளின் எண்ணிக்கை பரப்பளவு விதியை ஒத்தே வளர்கிறது என்று அவர் காட்டினார். ஆயினும் விகித எண் மட்டும் தீர்மானமாகவில்லை.

அதே ஆண்டில் ஜோசப் போல்சின்ஸ்கி, இழைகளின் முனைகள் பற்றி நிற்கும் டி-பிரேன் எனப்படும் பரப்புகளின் தன்மையைத் தெளிவுபடுத்தினார். இக்கருவியைக் கொண்டு 1996-ம் ஆண்டு ஜனவரியில் ஆண்ட்ரூ ஸ்ட்ரோமிங்கர், கும்ருன் வாஃபா ஆகிய இருவரும் ஐந்து பரிமாண உலகில் ஒரு கருந்துளையை அமைத்தனர். எஞ்சிய ஐந்து பரிமாணங்கள் சுருண்டவை. அவற்றுள் ஒன்று வளையம். பிரேன்கள் அதனைச் சுற்றிக் கிடக்கின்றன. மற்ற நான்கும் அவை அதிர்வதற்குரிய உள்திசைகள். வளையத்தின் வழியே ஓடும் மொத்த உந்தம் இத்தனை என்று குறிக்கப்பட்டால், அதனை அதிர்வுகளுக்கிடையே எத்தனை வகையில் பகிரலாம் என்பதே கேள்வி. ஊராட்சி ஒன்றியத்தின் ஒதுக்கீட்டைப் பிரித்த அதே கணக்குதான் இது. திசைகள் பலவாதலால் பிரிவினைகளும் பெருகுகின்றன.

எண்ணிக்கைக்கு மடக்கை கண்டபோது, பரப்பளவில் நான்கில் ஒரு பங்கு என்ற விடை அப்படியே கிடைத்தது. மறைந்துள்ள திசைகளின் எண்ணிக்கை இவ்விடையில் நேரடியாக இடம்பெறுகிறது. பிரேன்கள் அதிரும் உள்திசைகள் நான்குக்குப் பதில் மூன்று எனக் கொண்டால் இரு கணக்குகளும் பொருந்தா. மறைந்துள்ள பரிமாணங்கள் வெறும் ஒப்பனையல்ல, கணக்கின் உறுப்புகள் என்பது இதனால் விளங்கும். அதே ஆண்டில் இம்முறை நமது நான்கு பரிமாண உலகுக்குரிய சில கருந்துளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

எண்ணும் பிரிவினைக் கணக்கு தமிழ் மண்ணோடும் தொடர்புடையது. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிந்த சீனிவாச இராமானுஜன், பின்னர் கேம்பிரிட்ஜில் ஹார்டியுடன் இணைந்து 1918-ம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரம், ஓர் எண்ணை எத்தனை வகையில் பிரிக்கலாம் என்பதைத் தருகிறது. 200 என்ற எண்ணுக்கு இவ்வெண்ணிக்கை சுமார் 3 லட்சத்து 97 ஆயிரம் கோடி. மக்மஹோன் என்பவர் கையால் கணக்கிட்டு வைத்திருந்த முழு எண்ணை அவர்களது சூத்திரம் கடைசி இலக்கம் வரை தந்தது. கருந்துளை நுண்ணிலைகளை எண்ணும் முறை இச்சூத்திரத்தின் வழிவந்ததே. இராமானுஜன் 1920-ம் ஆண்டில் தம் இறுதி நாள்களில் ஹார்டிக்கு எழுதிய போலித் தீட்டா சார்புகளும் இத்துறைக்குப் பயன்படுவதை அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் சாகியர் ஆகியோர் 2012-ம் ஆண்டில் காட்டினர்.

இந்திய ஆய்வாளர்களின் பங்கு இத்துடன் நிற்கவில்லை. கருந்துளையின் கதிர்வீச்சையும் இழைக் கோட்பாட்டின் வழியே கணக்கிடும் பணியில் 1996-ம் ஆண்டில் டாட்டா நிலையத்தின் அவினாஷ் தார், கௌதம் மண்டல், ஸ்பெந்தா வாடியா ஆகியோர் ஈடுபட்டனர். அசோக் சென் அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) உள்ள அரிஷ்-சந்திரா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2005-ம் ஆண்டில் வெளியிட்ட என்ட்ரோபிச் சார்பு முறை, பரப்பளவு விதிக்கு மேற்பட்ட நுண்திருத்தங்களையும் கணக்கிட வழிசெய்தது. 2012-ம் ஆண்டில் முதன்முறையாக வழங்கப்பட்ட அடிப்படை இயற்பியல் பரிசைப் பெற்றோருள் அவரும் ஒருவர்.

ஏற்க வேண்டியதும் ஐயுற வேண்டியதும்

இக்கணக்கின் வரம்புகளையும் கூறுவதே நேர்மை. முதலாவதாக, துல்லியமாக எண்ணப்பட்ட கருந்துளைகள் அந்நிறைக்கு இயன்ற உச்ச அளவு மின்னூட்டம் போன்ற பண்பைத் தாங்கியவை. அவற்றின் வெப்பநிலை சுழியம். மீச்சமச்சீர்மை என்னும் தனிப்பண்பு அவற்றுக்கு உண்டு. ஈர்ப்பு வலுவற்ற நிலையில் எண்ணிய எண்ணிக்கை, ஈர்ப்பு வலுப்பெற்றுக் கருந்துளையாகும்போதும் மாறாதிருப்பதற்கு இப்பண்பே உறுதி தருகிறது. வானில் நாம் காணும் கருந்துளைகள் இவ்வகையைச் சேர்ந்தவையல்ல.

இரண்டாவதாக, மறைந்துள்ள பரிமாணங்களுக்கு இதுவரை நேரடிச் சான்று இல்லை. அவை ஓரளவு பெரியவையாக இருப்பின், மிகக் குறுகிய தொலைவில் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாறுபட வேண்டும். 2020-ம் ஆண்டில் வெளியான சோதனை முடிவுகளின்படி, சுமார் 0.05 மில்லிமீட்டர் வரை அவ்விதி வழுவவில்லை. ஜெனீவா அருகேயுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியிலும் கூடுதல் பரிமாணங்களோ மீச்சமச்சீர்மைத் துகள்களோ தென்படவில்லை. மேலும், பரிமாணங்கள் சுருள்வதற்கு எண்ணற்ற வடிவங்கள் இருப்பதால், நமது உலகுக்குரியது எது என்று கோட்பாடு தானாகத் தீர்மானிப்பதில்லை.

மூன்றாவதாக, இழைக் கோட்பாடு ஒன்றே வழியன்று. அபய் அஷ்டேகர் முதலானோர் வளர்த்த கண்ணிக் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு கூடுதல் பரிமாணங்களின்றியே நுண்ணிலைகளை எண்ணுகிறது. ஆனால் நான்கில் ஒரு பங்கு என்ற விகிதத்தைப் பெற, அதில் ஒரு மாறிலியின் மதிப்பைத் தக்கவாறு அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. சென்னை கணித அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த ரொமேஷ் கௌல், பார்த்தசாரதி மஜும்தார் ஆகியோர் இம்முறையில் பரப்பளவு விதிக்கு அடுத்த திருத்தத்தை 2000-ம் ஆண்டில் கண்டனர். சாதாரணக் கருந்துளைக்கு அதே வகைத் திருத்தத்தை 2012-ம் ஆண்டில் அசோக் சென் வேறு வழியில் கணக்கிட்டார். இரு விடைகளும் ஒன்றல்ல. எனவே, தொலைநோக்கியோ மோதுவியோ எட்டாத இடத்திலும், கோட்பாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதிக்கும் உரைகல்லாகக் கருந்துளையின் என்ட்ரோபி விளங்குகிறது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசு செலவிடுவது தகுமா என்ற கேள்விக்கு வருவோம். இங்கு வேண்டப்படுபவை பெரும் இயந்திரங்கள் அல்ல. நூலகமும் கணிப்பொறியும், பல ஆண்டுகள் இடையூறின்றிச் சிந்திக்கத்தக்க நிலையான பணியிடங்களுமே. இவ்வகைச் செலவுக்கு உடனடிப் பயனைக் கேட்பது பொருந்தாது; ஆனால் கடுமையான தணிக்கையைக் கேட்கலாம். ஒன்றையொன்று சாராத கணக்குகள் ஒத்து வருகின்றனவா, ஒத்து வராதபோது அது மறைக்கப்படாமல் வெளியிடப்படுகிறதா என்பதே அத்தணிக்கை. மேற்கூறிய ஆய்வுகள் இரண்டு வினாக்களுக்கும் ஆம் என்றே விடை தருகின்றன. சோதனைத் துறையிலும் நம் நாடு பின்தங்கவில்லை. மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பு அலைகளைப் பதிவு செய்யும் லைகோ-இந்தியா நிலையத்தை சுமார் 2,600 கோடி ரூபாய் செலவில் அமைக்க 2023-ம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நமது பால்வழி மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளை சூரியனைப் போல் 40 லட்சம் மடங்குக்கு மேற்பட்ட நிறை கொண்டது. அதன் என்ட்ரோபி ஏறத்தாழ 1-ஐத் தொடர்ந்து 90 சுழிகள் இட்ட எண் என்று பரப்பளவைக் கொண்டு எளிதில் கூறிவிடலாம். ஆனால் அதன் நுண்ணிலைகளை உள்ளிருந்து எண்ணிக் காட்டியவர் எவரும் இதுவரை இல்லை. வெளிக்கணக்கு கையில் இருக்கிறது. உட்கணக்கு போடப்பட வேண்டியுள்ளது. இன்று கல்லூரிகளில் பயிலும் மாணவர்களுக்கு உரிய பணி அது.